ஒளிக்கு வேகம் உண்டா என்று கேட்கும் மாமாவுக்கு என்ன பதில் சொல்வது?

கேள்வி: என் தாய்மாமா கோவையில் லேத் பட்டறை நடத்தி ஓய்வுபெற்றவர். தானே அளந்து பார்க்காத எதையும் நம்ப மாட்டார். பதினோராம் வகுப்பு படிக்கும் என் மகளிடம், “ஒளி பயணம் செய்கிறது என்பது புத்தகக் கதை, ஸ்விட்சைப் போட்ட கணத்தில் அறை முழுக்க வெளிச்சம் இருக்கிறதே, அது எங்கே பயணம் செய்தது?” என்கிறார். ஒலிக்குக் காற்று வேண்டும் என்பதும் பொய்யாம். சுவருக்கு அப்பால் பேசுவதும் கிணற்றுத் தண்ணீருக்குள் மோட்டார் ஓடுவதும் கேட்கிறதே என்கிறார். இரண்டும் அலை என்றால் ஒளிக்கு மட்டும் ஊடகம் வேண்டாம் என்பது எப்படி என்றும், பகலில் கேட்காத ரயில் சத்தம் இரவில் கேட்பது ஏன் என்றும் மடக்குகிறார். சென்ற மாதம் வீட்டு விசேஷத்தில் நான் பொறுமை இழந்து, “விஞ்ஞானிகளைவிட உங்களுக்கு அதிகம் தெரியுமா மாமா?” என்று கேட்டுவிட்டேன். “அப்படியானால் நிரூபித்துக் காட்டு” என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். அவரிடம் எப்படி வாதிடுவது?
– வாசகி ஒருவர், கோவை

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மாமா சொல்பவற்றில் ஏறக்குறைய பாதி சரியானவை. வாதத்தைத் தொடங்குவதற்கு முன் அதை நீங்கள் அவரிடம் வெளிப்படையாக ஒப்புக்கொள்ள வேண்டும் என்பதே என் முதல் ஆலோசனை. மனிதர் மனம் குளிர வேண்டும் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. அவர் சரியாகச் சொன்ன இடங்களையும் சேர்த்து நீங்கள் மறுத்தால், தவறாகச் சொன்ன இடத்தில் உங்கள் மறுப்புக்கு எடை இருக்காது.

முதலில் ஒலியை எடுத்துக்கொள்வோம். “ஒலி பரவக் காற்று தேவை” என்று யாராவது சொன்னால் அது அரைகுறை வாக்கியம். ஒலிக்குத் தேவை ஏதேனும் ஒரு பொருள், அது காற்றாகவும் நீராகவும் இரும்பாகவும் இருக்கலாம். காற்றைவிட நீரிலும், நீரைவிட இரும்பிலும் அது வேகமாகவே செல்கிறது. பிரெஞ்சு இயற்பியலாளர் பியோ 1808-இல் பாரிஸ் நகரின் வார்ப்பிரும்புத் தண்ணீர்க் குழாய்களில் இதைச் சோதித்தார். ஏறத்தாழ 950 மீட்டர் நீளமுள்ள குழாயின் ஒரு முனையைத் தட்டியபோது மறுமுனையில் இருந்தவருக்கு ஒரே தட்டு இரண்டு முறை கேட்டது: முதலில் இரும்பின் வழியாக வந்த சத்தம், அதற்குச் சுமார் இரண்டரை வினாடிக்குப் பின் குழாய்க்குள் இருந்த காற்றின் வழியாக வந்த சத்தம். தண்ணீரில் இதேபோன்ற அளவீட்டை கொலாடன் 1826-இல் ஜெனீவா ஏரியில் செய்தார். ஒரு படகிலிருந்து நீருக்குள் தொங்கவிட்ட மணியை அடிக்கும் அதே கணத்தில் வெடிமருந்து பளீரென எரியும்படி அமைத்து, 13 கிலோமீட்டருக்கு அப்பால் இன்னொரு படகில் அமர்ந்து, வெளிச்சத்தைக் கண்டதற்கும் நீருக்குள் விட்ட குழாயின் வழியே மணியோசையைக் கேட்டதற்கும் இடைப்பட்ட நேரத்தை அளந்தார். அவருக்குக் கிடைத்த வேகம் வினாடிக்கு 1,435 மீட்டர். காற்றில் உள்ளதைப்போல் நான்கு மடங்குக்கு மேல். ஆகவே சுவரையும் கிணற்றையும் காட்டி மாமா எழுப்பும் ஆட்சேபணை இயற்பியலுக்கு எதிரானதே இல்லை. பியோவும் கொலாடனும் அவர் பக்கம்தான் என்று சொல்லுங்கள்.

ஆனால் பொருளே இல்லாத இடத்தில் ஒலி பரவுமா என்ற கேள்வி அப்போதும் மிஞ்சுகிறது. இங்கே ஓர் எச்சரிக்கை. பள்ளி ஆய்வகத்தில் கண்ணாடிக் கூண்டுக்குள் மின்மணியை வைத்துக் காற்றை உறிஞ்சி எடுக்கும் சோதனையை நீங்கள் சான்றாக வைப்பீர்கள். வைத்தால் மாமாவிடம் மாட்டிக்கொள்வீர்கள். கிர்ஷர் என்ற பாதிரியார் இத்தகைய சோதனை ஒன்றை 1650-இல் விவரித்தபோது, மணியோசை கேட்கத்தான் செய்தது என்றும், எனவே அங்கே வெற்றிடமே உண்டாகவில்லை என்றும் வாதிட்டார். மணியைத் தாங்கிய தண்டின் வழியாக ஓசை வெளியேறியிருக்கலாம் என்ற எண்ணம் அவருக்கு உறைக்கவில்லை. பத்தாண்டுகள் கழித்து ராபர்ட் பாயில் ஒரு கடிகாரத்தை நூலில் கட்டித் தொங்கவிட்டுக் காற்றை அகற்றியபோது டிக்டிக் ஓசை அடங்கிப்போனது. அதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது, பாடநூல்கள் அதை அநேகமாகச் சொல்வதில்லை: சாதாரணப் பம்பினால் காற்று முழுவதையும் எடுக்க முடியாது, மிஞ்சிய மெல்லிய காற்றிலும் ஒலி செல்லவே செய்யும். ஓசை குறைவதற்கு முக்கியக் காரணம், அதிரும் மணியால் மெலிந்த காற்றுக்குள் போதிய ஆற்றலைச் செலுத்த முடியாமலும், அந்தக் காற்றால் கண்ணாடிச் சுவரை அசைக்க முடியாமலும் போவதுதான். செவ்வாய்க் கோளின் காற்றழுத்தம் நம்முடையதில் நூற்றில் ஒரு பங்கைவிடக் குறைவு. 2021-இல் அங்கே இறங்கிய பெர்சிவரன்ஸ் ஊர்தியின் ஒலிவாங்கி, மிக மெலிதாகவே என்றாலும், ஒலிகளைப் பதிவு செய்தது. அங்கே ஒலியின் வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 240 மீட்டர். எனவே “மணியோசை நின்றது, வெற்றிடத்தில் ஒலி இல்லை என்று நிரூபித்தாயிற்று” என்று அவசரப்படாமல், “காற்று மெலிய மெலிய ஓசையும் மெலிகிறது, அந்தப் போக்கு எங்கே கொண்டுபோய் விடும் என்று நீங்களே சொல்லுங்கள்” என்று கேட்பதே நேர்மையான வாதம்.

இரண்டும் அலை என்றால் ஒளிக்கு மட்டும் ஏன் ஊடகம் வேண்டாம் என்பது அவருடைய கேள்விகளிலேயே ஆழமானது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இயற்பியலாளர்கள் அனைவரும் அதையே கேட்டார்கள். அண்டம் முழுவதும் ஈதர் என்ற ஒன்று நிறைந்திருக்கிறது, ஒளி அதன் அலைதான் என்று விடையும் வைத்திருந்தார்கள். அந்த ஈதருக்கு ஊடாகப் பூமி விரைவதைக் கண்டுபிடிக்க மைக்கல்சனும் மோர்லியும் 1887-இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் நுட்பமான கருவி ஒன்றை அமைத்தார்கள். எதிர்பார்த்த விளைவு தென்படவில்லை, ஈதர் என்ற எண்ணம் பின்னர் கைவிடப்பட்டது. ஒலி என்பது பொருளின் துகள்கள் முன்னும் பின்னும் அசைவது, ஆகவே துகள் இல்லாவிட்டால் அசைய ஒன்றும் இல்லை. ஒளியில் அசைவன மின்புலமும் காந்தப்புலமும். காந்தம் வெற்றிடத்தின் ஊடாகவும் இரும்பை இழுக்கும் என்பதைப் பட்டறைக்காரரான மாமாவுக்கு விளக்க வேண்டியதில்லை; புலம் இருக்கப் பொருள் வேண்டாம் என்றால், புலத்தில் எழும் அலைக்கும் வேண்டாம். இந்த விடையில் அவருக்கு உடனே நிறைவு ஏற்படாவிட்டால் அதைக் குறையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உலகம் இதை ஏற்கப் பல பத்தாண்டுகள் ஆயின.

இனி அவர் உண்மையிலேயே தவறும் இடத்துக்கு வருவோம். ஸ்விட்சைப் போட்டதும் வெளிச்சம் உடனே பரவுகிறது என்பது சரியான கவனிப்பு. அதனால் ஒளிக்கு நேரமே ஆவதில்லை என்பது அந்தக் கவனிப்பு தாங்காத முடிவு. இரும்பு ஸ்கேலால் அளந்து இரண்டு தண்டுகளும் ஒரே விட்டம் என்று யாராவது அவருடைய பட்டறையில் சொல்லியிருந்தால், மைக்ரோமீட்டரை எடுத்துவா என்று விரட்டியிருப்பார். வெற்றிடத்தில் ஒளி வினாடிக்கு 2,99,792 கிலோமீட்டர் செல்கிறது. காற்றிலும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். ஐந்து மீட்டர் அறையைக் கடக்க அதற்கு ஆகும் நேரம், ஒரு வினாடியைப் பத்துக் கோடிப் பங்காக்கினால் அதில் ஒரு பங்கும் இன்னும் கொஞ்சமும். மனிதக் கண்ணோ நூற்றில் ஒரு வினாடியையே பிரித்தறியத் திணறும். அந்தக் கண்ணை வைத்துக்கொண்டு, நேரம் ஆகவில்லை என்று தீர்ப்புச் சொல்ல இயலாது. என் கருவிக்கு எட்டவில்லை என்று மட்டுமே சொல்லலாம். விளக்குகளை மூடித் திறந்து இதைச் சோதித்த கலீலியோ அப்படித்தான் சொன்னார்: உடனடி இல்லையென்றாலும் அசாதாரணமான வேகம்.

உங்கள் மாமாவின் கட்சியில் பெரிய மனிதர்கள் இருந்திருக்கிறார்கள். தத்துவஞானி டேக்கார்ட் ஒளி நேரமெடுக்காமல் பரவுகிறது என்று உறுதியாக நம்பினார். ஒளிக்கு நேரம் ஆகும் என்றால், சந்திர கிரகணத்தின்போது சந்திரன் சூரியனுக்கு நேர் எதிரில் தெரியாமல் சற்று விலகித் தெரிய வேண்டுமே, அப்படித் தெரிவதில்லையே என்று 1634-இல் ஒரு கடிதத்தில் வாதிட்டார். வாதத்தின் அமைப்பு குறையற்றது. சந்திரனிலிருந்து ஒளி வர ஒன்றேகால் வினாடிக்குச் சற்று அதிகமாகவே ஆகிறது, அந்த விலகலை அன்றைய கருவிகளால் பார்க்க முடியாது என்பதுதான் கோளாறு. ஆனால் அதே கடிதத்தில் அவர் செய்த இன்னொரு காரியத்தை நான் மிகவும் மதிக்கிறேன்: இது தவறென்று காட்டினால் எனக்குத் தத்துவமே தெரியாது என்று ஒப்புக்கொள்வேன் என்று முன்கூட்டியே பணயம் வைத்தார். எதைக் கண்டால் என் கருத்தை மாற்றிக்கொள்வேன் என்பதை முடிவு தெரிவதற்கு முன்பே சொல்லிவைக்கும் இந்தப் பழக்கத்தைத்தான் நீங்களும் மாமாவும் சேர்ந்து கைக்கொள்ள வேண்டும்.

அப்படி முன்கூட்டிச் சொல்லியே ஒளியின் வேகம் முதன்முதலில் நிலைநாட்டப்பட்டது. வியாழனின் நிலவுகளுள் ஐஓ என்பது ஏறத்தாழ நாற்பத்திரண்டரை மணி நேரத்துக்கு ஒரு முறை கோளைச் சுற்றுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் வியாழனின் நிழலுக்குள் புகுந்து வெளிவருகிறது. பாரிஸ் வானாய்வகத்தில் பணியாற்றிய டென்மார்க்காரர் ஓலே ரோமர், பூமி வியாழனை விட்டு விலகிச் செல்லும் மாதங்களில் இந்த நிகழ்வுகள் கணக்கைவிடத் தாமதமாகவும், நெருங்கி வரும் மாதங்களில் முந்தியும் தெரிவதைக் கவனித்தார். நிலவு ஒழுங்காகத்தான் சுற்றுகிறது, கூடுதல் தொலைவைக் கடக்க ஒளிக்குக் கூடுதல் நேரம் ஆகிறது என்பது அவருடைய விளக்கம். இதை 1676 செப்டம்பரில் அறிவியல் கழகத்தின் முன் வைத்தபோதே, வரும் நவம்பர் 9 அன்று ஐஓ நிழலிலிருந்து வெளிப்படுவது பத்து நிமிடம் தாமதமாகத் தெரியும் என்று சொன்னார், அவ்வாறே தெரிந்தது. அப்போதும் வானாய்வகத்தின் மூத்த அறிஞர் காசினி ஏற்கவில்லை. அவர் சொன்ன காரணம் வெறும் பிடிவாதமாக இல்லை: ஒளிதான் காரணம் என்றால் மற்ற மூன்று நிலவுகளிலும் அதே தாமதம் தெரிய வேண்டுமே, தெரியவில்லையே என்று கேட்டார். அந்த நிலவுகளின் இயக்கம் அன்று சரியாகக் கணிக்கப்படவில்லை என்பது பின்னர்தான் விளங்கியது. ரோமரின் எண்ணும் துல்லியமானதில்லை. பூமிப் பாதையின் விட்டத்தைக் கடக்க ஒளிக்கு 22 நிமிடம் என்றார், உண்மையில் ஏறத்தாழ 16 நிமிடம் 40 வினாடி. சுமார் அரை நூற்றாண்டு கழித்து, 1728-இல், பிராட்லி என்ற ஆங்கிலேயர் வியாழனோடு தொடர்பே இல்லாத வழியில், பூமியின் ஓட்டத்தால் விண்மீன்கள் ஆண்டு முழுவதும் சிறிது இடம் மாறித் தெரிவதைக் கொண்டு, சூரிய ஒளி இங்கு வர எட்டு நிமிடத்துக்குச் சற்று மேல் ஆகும் என்று கணக்கிட்டபோதுதான் சந்தேகம் பெரும்பாலும் தீர்ந்தது. மாமாவிடம் இந்தக் கதையைச் சொல்லும்போது காசினியை மூடராகக் காட்டிவிடாதீர்கள். மாமா தம்மை அவருடைய இடத்தில் வைத்துத்தான் கேட்பார்.

பழங்கதை போதாது, இன்று காட்டு என்று அவர் கேட்கக்கூடும். விண்வெளியில் நல்ல சான்று இருக்கிறது. மங்கள்யான் 2014 செப்டம்பர் 24 அன்று செவ்வாயை அடைந்தபோது அது இங்கிருந்து 22 கோடி கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தது. அங்கே எஞ்சின் எரியத் தொடங்கிய செய்தி ஒளியின் வேகத்தில் செல்லும் ரேடியோ அலையாகப் புறப்பட்டும் இங்கு வந்துசேர ஏறத்தாழ 12 நிமிடம் ஆயிற்று. அதனால்தான் கட்டளைகள் அனைத்தும் முன்பே ஏற்றிவைக்கப்பட்டிருந்தன. ஆனால் விண்வெளி நிறுவனங்களையும் சந்தேகிப்பவருக்கு இது உதவாது. உங்கள் மாமாவுக்கு நான் பரிந்துரைப்பது தெருவில் கிடைக்கும் சான்று. இணையத்துக்கான ஃபைபர் கேபிள் எங்காவது அறுந்தால், பழுதுபார்ப்பவர் ஓடிடிஆர் என்ற கருவியை ஒரு முனையில் இணைத்து ஒளித்துடிப்பைச் செலுத்துவார். அறுந்த இடத்தில் பட்டு ஒளியின் ஒரு பகுதி திரும்பி வரும். அதற்கு ஆன நேரத்தைக் கொண்டு பழுது எத்தனை கிலோமீட்டரில் என்று கருவி காட்டும். கண்ணாடி இழைக்குள் ஒளியின் வேகம் வினாடிக்குச் சுமார் இரண்டு லட்சம் கிலோமீட்டர் என்பதால், 10 கிலோமீட்டரில் உள்ள பழுதுக்குப் போய்வர ஒரு வினாடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு ஆகும். அந்த இடத்துக்குப் போய்ப் பார்த்தால் கேபிள் அங்கே அறுந்துதான் கிடக்கும். ஒளிக்கு நேரமே ஆகாது என்றால் 2 கிலோமீட்டரிலிருந்தும் 20 கிலோமீட்டரிலிருந்தும் துடிப்பு ஒரே கணத்தில் திரும்பியிருக்கும், கருவியால் எதையும் சொல்லியிருக்க முடியாது. ஊரில் இந்த வேலை செய்பவர் யாரேனும் தெரிந்தவராக இருந்தால், மாமாவை ஒரு நாள் அவருடன் அனுப்பிவையுங்கள். பேராசிரியர் பத்துப் பேர் பேசுவதைவிட அது பயன் தரும்.

இரண்டு சான்றுகளைத் தயவுசெய்து தவிர்த்துவிடுங்கள். மைக்ரோவேவ் அடுப்பில் ஈரமான அப்பளத்தை வைத்து, அது பொரியும் புள்ளிகளுக்கு இடையிலான தூரத்தைக் கொண்டு ஒளியின் வேகத்தைக் கணக்கிடலாம் என்று காட்டும் காணொளிகள் உண்டு. பார்க்க அழகானது, ஆனால் அதிர்வெண்ணை அடுப்பின் பின்புற லேபிளிலிருந்து எடுத்துக்கொள்கிறோம், எந்த நேரத்தையும் அளப்பதில்லை. உங்கள் மாமா அதை உடனே கண்டுபிடித்துவிடுவார். அதேபோல் கிரிக்கெட் ஒளிபரப்பு பக்கத்து வீட்டைவிட நம் வீட்டில் தாமதமாக வருவதையும் காட்டாதீர்கள். அந்தத் தாமதத்தில் பெரும்பகுதி கருவிகள் படத்தைச் சுருக்கி விரிப்பதால் உண்டாவது. செயற்கைக்கோளுக்குப் போய்வரும் தொலைவுக்குக் கால் வினாடிதான் ஆகும்.

ஒலியின் வேகத்தை நீங்கள் வீட்டிலேயே அளக்கலாம். அதை மாமாவின் கையாலேயே அளக்கச் செய்யுங்கள். ஃபைஃபாக்ஸ் என்ற இலவசச் செயலியில் ஓசையால் ஓடத் தொடங்கி ஓசையாலேயே நிற்கும் கடிகாரம் ஒன்று உண்டு. அதை இரண்டு கைப்பேசிகளில் திறந்து, திறந்த வெளியில் சரியாக 10 மீட்டர் இடைவெளியில் வைத்து, ஒவ்வொன்றின் அருகிலும் ஒருவர் நிற்க வேண்டும். மாமா தம் அருகில் இரும்புத் துண்டுகளை ஒருமுறை தட்டினால் அவருடைய கைப்பேசி உடனேயும், உங்களுடையது ஓசை வந்துசேர்ந்த பிறகும் ஓடத் தொடங்கும். சற்றுப் பொறுத்து நீங்கள் தட்டினால் உங்களுடையது உடனேயும் அவருடையது தாமதமாகவும் நிற்கும். இரண்டு கடிகாரங்களும் காட்டும் நேரங்களின் வித்தியாசம், ஓசை 20 மீட்டர் செல்ல ஆன நேரம். இதில் நம் கையின் வேகமோ கண்ணின் வேகமோ கலப்பதில்லை என்பதுதான் இந்தச் சோதனையின் அழகு. வெப்பநிலை 30 டிகிரி என்றால் காற்றில் ஒலியின் வேகம் வினாடிக்கு 349 மீட்டர்; எனவே வித்தியாசம் 0.057 வினாடி வர வேண்டும், இடைவெளியை ஐந்து மீட்டராகக் குறைத்தால் 0.029 வர வேண்டும். இந்த எண்களைத் தட்டுவதற்கு முன்பே தாளில் எழுதி அவரிடம் கொடுத்துவிடுங்கள், அவர் என்ன வரும் என்று நினைக்கிறாரோ அதையும் எழுதச் சொல்லுங்கள். அளவு நாடாவை அவரே பிடிக்கட்டும். எண் வேறாக வந்தால் மழுப்பாமல், பக்கத்து இரைச்சலால் கடிகாரம் முன்னதாக நின்றதா, காற்று பலமாக வீசியதா, நாடா தொய்ந்ததா என்று இருவரும் சேர்ந்து தேடி மீண்டும் அளக்க வேண்டும்.

ரயில் சத்தத்துக்கு விடை இந்த வெப்பநிலைக் கணக்கிலேயே இருக்கிறது. ஒவ்வொரு டிகிரிக்கும் காற்றில் ஒலியின் வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 0.6 மீட்டர் கூடுகிறது. பகலில் தரையை ஒட்டிய காற்று மேலே இருப்பதைவிடச் சூடாக இருப்பதால், ஒலியலையின் கீழ்ப்பகுதி விரைந்து முன்னேறி, அலை முழுவதும் வானை நோக்கி வளைந்துவிடுகிறது. தெளிந்த இரவில் தரை குளிர்ந்து நிலைமை தலைகீழாகிறது, மேலே போகவேண்டிய சத்தம் நம் பக்கம் வளைந்து வருகிறது. இரவின் அமைதியும் துணை செய்கிறது. பகலில் பக்கம் பார்த்துப் பேசு, இரவில் அதுவும் பேசாதே என்று நம் முன்னோர் சொன்னது இயற்பியலை நினைத்து இல்லை என்றாலும், இரவில் ஓசை எட்டும் தொலைவைப் பொறுத்தவரை பிழையில்லாத எச்சரிக்கை.

எல்லாம் புத்தகத்தில் எழுதியதைத் திருப்பிச் சொல்வதுதானே என்ற குற்றச்சாட்டுக்கு உங்கள் மகளின் பாடநூலையே காட்டலாம். காற்றில் ஒலியின் வேகத்துக்கு நியூட்டன் தந்த சூத்திரத்தின்படி பூஜ்ஜியம் டிகிரியில் வினாடிக்கு 280 மீட்டர் கிடைக்கிறது, அளந்தால் 332 வருகிறது என்று அதில் இருக்கிறது. அலை கடக்கும்போது காற்றின் வெப்பநிலை மாறாது என்று நியூட்டன் கருதியதே பிழை என்று லாப்லாஸ் 1816-இல் விளக்கித் திருத்தினார். நியூட்டன் பெயர் இருந்தும் எண் ஒத்துவரவில்லை என்பதை மறைக்காத பாடம் அது. “விஞ்ஞானிகளைவிட உங்களுக்குத் தெரியுமா” என்று நீங்கள் கேட்டது, நியூட்டனையே அளவுகோலில் வைத்துப் பார்க்கும் இந்தத் துறையின் நடைமுறைக்குப் பொருந்தாத கேள்வி. அதற்காக மாமாவிடம் ஒரு வார்த்தை வருத்தம் தெரிவித்துவிட்டு மேலே சொன்ன அளவீட்டுக்கு அழைத்தால், அவர் வருவார் என்றே நினைக்கிறேன்.

அழைக்கும்போது ஒன்றை மட்டும் தெளிவாகக் கேளுங்கள்: “எந்த முடிவு வந்தால் மாமா ஏற்றுக்கொள்வீர்கள்?” அவர் ஏதேனும் ஒன்றைச் சொன்னால், அது எவ்வளவு கடினமான நிபந்தனையாக இருந்தாலும், நீங்கள் உரையாடிக்கொண்டிருப்பது ஓர் ஐயவாதியுடன், அவருக்காக நேரம் செலவிடலாம். எது வந்தாலும் ஏற்கமாட்டேன் என்றாலோ, அளந்த பின் நிபந்தனையை மாற்றிக்கொண்டே போனாலோ, அங்கே இயற்பியலுக்கு வேலை இல்லை. காப்பியைக் கொடுத்துவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுங்கள். உறவு அதனால் கெடாது.

உங்கள் மகளைப் பற்றி நீங்கள் தனியாகக் கேட்கவில்லை, ஆனால் கடிதத்தில் கவலை தெரிகிறது. தேர்வில் அவள் பாடநூலில் உள்ளபடி எழுதட்டும். தாத்தா கேட்கும் கேள்விகளைத் தடுக்காதீர்கள். அவற்றை ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அளவீடு நடக்கும் நாளில் இரண்டு கைப்பேசிகளின் நேரங்களையும் குறித்துக்கொள்ளும் பொறுப்பையும், வேகத்தைக் கணக்கிடும் பொறுப்பையும் அவளிடமே விட்டுவிடுங்கள்.